ஒரே ஒரு தங்கம்: ஃபேனி டுராக்கை எப்படி எடை போடுவது?

கேள்வி இதுதான்: 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் முதல் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக் உண்மையிலேயே பெரிய வீராங்கனையா, இல்லை போட்டிக்கு ஆளே இல்லாத காலத்தில் ஜெயித்தவரா? பெரிய ஆள் என்றால் ஏன் ஒரே ஒரு பதக்கம்? கூடவே, அவருக்கு அடுத்து வெள்ளி வாங்கிய மினா வைலி என்ன ஆனார் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய ஆள்தான். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் பார்த்துவிடலாம். முதலில் பதக்கக் கணக்கு. 1912-ல் பெண்களுக்கென்று வைத்த தனிநபர் நீச்சல் போட்டியே ஒன்றுதான், 100 மீட்டர். அதில் அவருக்குத் தங்கம். 1916-ல் போரால் ஒலிம்பிக்கே நடக்கவில்லை. 1920-ல் அணி கப்பலேற ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு அறுவை சிகிச்சை. ஆக, வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த தனிநபர் ஒலிம்பிக் போட்டி ஒன்று, ஜெயித்ததும் ஒன்று. இதை "ஒரே ஒரு பதக்கம்" என்று குறைத்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். சாரா ஃபிரான்சிஸ் டுராக் 1889 அக்டோபர் 27-ல் சிட்னியில் பிறந்தார். அயர்லாந்து வழிக் குடும்பம், அப்பா மதுவிடுதி நடத்தியவர். ஆறாவது குழந்தை. வசதியான மேல்தட்டு வீட்டுப் பெண்ணல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பணப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

நீச்சல் கற்றது கூஜி கடற்கரையில். அங்கே கடலோரப் பாறைத் திட்டில் சுவர் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். அலை ஏறும்போது சுவரைத் தாண்டிப் புதுத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது பழையது வடியும். இந்தக் கடல் குளங்கள் இல்லாவிட்டால் ஆஸ்திரேலிய நீச்சலே இல்லை என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிட்னியில் பட்டப்பகலில் எல்லார் கண்ணிலும் படும்படி திறந்த கடலில் குளிப்பதற்கே தடை இருந்தது. அலையிலும் இறங்க முடியாது, அப்புறம் எங்கே பழகுவது? சுவர் கட்டிய குளத்தில்தான். அங்கும் பெண்களுக்குத் தனி இடம் அல்லது தனி நேரம். கூஜியில் பெண்களுக்கு மட்டுமான மெக்கைவர் குளம் இன்றும் அப்படியே நடக்கிறது.

உடை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூட வேண்டும் என்பது அன்றைய விதி. பெரும்பாலும் கம்பளி நூலில் பின்னியது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தொங்கும், கையை மேலே வீசும்போது தோளைப் பிடித்து இழுக்கும். அந்தக் காலத்து நேரங்களைப் படிக்கும்போது இந்தச் சுமையையும் சேர்த்தே படியுங்கள்.

1906-ல் டுராக் தன் முதல் மாநிலப் பட்டத்தை வென்றார். அப்போது பெண்களுக்கென்று சாம்பியன் பட்டம் இருந்தது மார்பு நீச்சலில் மட்டும்தான், அவரும் அதில்தான் தேர்ந்திருந்தார். அதே ஆண்டுதான் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் பெண்களுக்கான அமெச்சூர் (அதாவது காசு வாங்காமல் நீந்துபவர்களுக்கான) நீச்சல் சங்கம் உருவானது. அதன் தலைவர் ரோஸ் ஸ்காட். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், சிட்னியில் அன்றைக்கு மிகவும் மதிக்கப்பட்ட பெண்ணியவாதி. இவர் பெயர் மறுபடி வரும்.

அடுத்த சில ஆண்டுகள் டுராக்கை அசைக்க ஆளில்லை. பிறகு வந்தார் மினா வைலி, டுராக்கை விட ஒன்றரை வயது சின்னவர். மினாவின் அப்பா ஹென்றி வைலி 1907-ல் கூஜியில் தானே ஒரு கடல் குளம் கட்டினார். ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் நீந்தலாம் என்று அனுமதித்த முதல் சில குளங்களில் ஒன்று அது. வைலி குளம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது, சிட்னி போனால் இறங்கிக் குளிக்கலாம். 1910-11 பருவத்தில் இந்த மினா, டுராக்கை 100 கெஜத்திலும் மார்பு நீச்சலிலும் தோற்கடித்தார். வழக்கமாக இப்படி நடந்தால் ஜென்மப் பகையாகும். இங்கே நேர்மாறாக இருவரும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள், அப்புறம் பல ஆண்டுகள் சேர்ந்தே பயணம் செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டுராக் தன் நீச்சல் முறையை மாற்றினார். அவருடைய பெருமையில் பாதி இந்த முடிவில் இருப்பதாக நான் நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அதுவரை வேக நீச்சலுக்குப் பலரும் பயன்படுத்தியது டிரட்ஜன். ஜான் டிரட்ஜன் என்ற ஆங்கிலேயர் 1870-களில் இங்கிலாந்தில் பரப்பிய முறை. கைகளை மாற்றி மாற்றித் தண்ணீருக்கு மேலே வீசிப் போட வேண்டும், கால்களைக் கத்தரிக்கோல் போல அகட்டிச் சேர்க்க வேண்டும். கை வேகமாகப் போகும், ஆனால் ஒவ்வொரு முறை கால் அகலும்போதும் உடல் ஒரு கணம் தயங்கும். தலையும் மேலே தூக்கியிருப்பதால் இடுப்பு கீழே இறங்கும். தூரம் அதிகமானால் சமாளிக்கலாம், 100 மீட்டரில் அந்தத் தயக்கங்கள் சேர்ந்து பல நொடிகளைத் தின்றுவிடும்.

கிரால் இதற்கு மாற்று. கால்களை அகட்டாமல் மேலும் கீழுமாக அடிப்பது, உடல் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீளமாகக் கிடப்பது. பசிபிக் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நீந்தினார்கள். சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற இளைஞன் நீந்துவதைப் பார்த்து அந்த ஊர் வாயைப் பிளந்தது. நீச்சலுக்குப் பேர்போன கேவில் குடும்பத்தார் அதை எடுத்துப் பட்டை தீட்டி உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரேலிய கிரால் என்று பெயர் நிலைத்தது. சாலமன் தீவு கிரால் என்று ஏன் நிலைக்கவில்லை என்பது வேறு ஒரு நீண்ட கதை.

ஆண்கள் சில ஆண்டுகளாகக் கிரால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் போட்டிகளில் மார்பு நீச்சலும் டிரட்ஜனும்தான் ஓடிக்கொண்டிருந்தன. பட்டம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், இருபத்தொரு வயதுக்கு மேல், கைக்குப் பழகிப்போன முறையை விட்டுவிட்டு 1911-ல் கிராலுக்கு மாறினார். உடம்பில் பல ஆண்டுகளாக ஊறிய அசைவை அழித்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று நீச்சல் பழகிய எவரையும் கேட்டுப் பாருங்கள். அந்த மாற்றம் இல்லாமல் ஸ்டாக்ஹோம் தங்கம் இல்லை.

இனி 1912. ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலை முதல்முறையாகச் சேர்த்த ஆண்டு. டுராக்கும் வைலியும் நாட்டிலேயே வேகமானவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு தடைகள். முதல் தடை பெண்கள் சங்கத்திலேயே இருந்தது. ஆண்கள் இருக்கும் இடத்தில் உறுப்பினர்கள் போட்டியிடக் கூடாது என்று அதற்கு ஒரு விதி. ஆண்கள் பார்வையாளராகக்கூட வரக் கூடாது. இந்த விதியைத் தாங்கிப் பிடித்தவர் வேறு யாருமில்லை, ரோஸ் ஸ்காட்தான். வாக்குரிமைக்குப் போராடியவர் இப்படிச் செய்யலாமா என்று இன்று படிப்பவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இல்லை. ஈர உடையில் நிற்கும் பெண்களை ஆண்கள் கூட்டம் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதும் கமென்ட் அடிப்பதும்தான் நடக்கும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அவர் கண்ட மருந்தால் உலகத்தின் மிக வேகமான பெண் ஒலிம்பிக்குக்கே போக முடியாமல் ஆகியிருக்கும். பொதுமக்கள் கருத்து டுராக், வைலி பக்கம் நின்றது. சங்கம் விதியைத் தளர்த்தியது, ஸ்காட் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டாவது தடை, அணியைத் தேர்ந்தெடுத்த ஆண்கள். பெண்களை அனுப்புவது நேரத்துக்கும் பணத்துக்கும் வீண் என்பது அவர்கள் எண்ணம். கடைசியில் ஒத்துக்கொண்டபோதும் செலவு உங்களுடையது என்று கையை விரித்துவிட்டார்கள். விளையாட்டு, நாடகத் தொழிலில் பெரும்புள்ளியான ஹியூ மெக்கின்டோஷின் மனைவி முன்னின்று நன்கொடை திரட்டினார். டுராக்குக்குத் துணையாக அக்கா மேரி, வைலிக்குத் துணையாக அப்பா. கல்யாணமாகாத பெண் தனியாகக் கப்பலேறக் கூடாது என்பதால் ஒருவர் போக இருவருக்குப் பணம் தேவைப்பட்டது. இதையும் நினைவில் வையுங்கள்.

அன்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஆஸ்திரலேசியா என்ற ஒரே அணியாகப் போயின. ஸ்டாக்ஹோமில் அந்த அணிக்குக் கிடைத்த தங்கம் மொத்தம் இரண்டு. ஒன்று ஆண்கள் நீச்சல் ரிலே, இன்னொன்று டுராக்குடையது. அதாவது முழு அணியிலும் தனிநபர் தங்கம் வாங்கிய ஒரே ஆள், அனுப்புவது வீண் என்று சொல்லப்பட்ட பெண். தேர்வுக்குழுக்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க எனக்கு இன்றும் ஆசை.

போட்டி நடந்தது இன்று நாம் நினைக்கிற மாதிரி நீலத் தரையும் பாதைக் கயிறும் போட்ட குளத்தில் இல்லை. ஊருக்குள் நுழையும் யூர்கோர்டன் பக்கத்துக் கடற்கழியில் மரத்தால் மேடை கட்டி, 100 மீட்டர் நீளத்துக்கு எல்லை அமைத்திருந்தார்கள். 100 மீட்டர் போட்டி என்றால் ஒரே நேர்க்கோடு, திருப்பமே கிடையாது. திருப்பத்தில் சுவரை உதைத்துக் கிடைக்கும் இலவச உந்துதல் இல்லை, நடுவில் மூச்சு வாங்க ஒரு சாக்கும் இல்லை. எட்டு நாடுகளிலிருந்து 27 பெண்கள் இறங்கினார்கள். தகுதிச் சுற்றிலேயே டுராக் 1 நிமிடம் 19.8 நொடியில் முடித்து உலக சாதனையை உடைத்தார். அதற்கு முந்தைய சாதனை 1:20.6, பிரிட்டனின் டெய்சி கர்வன் ஒரு மாதத்துக்கு முன்புதான் வைத்தது.

இறுதிப் போட்டியில் டுராக் 1:22.2. இரண்டாவது மினா வைலி, 1:25.4. மூன்றாவது பிரிட்டனின் ஜென்னி ஃப்ளெட்சர், 1:27.0. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி மூன்று நொடிக்கு மேல். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடத்துக்காரர்களுக்கு நடுவில் அரை நொடிகூட இல்லை. கூட்டத்தை விட்டு டுராக் எவ்வளவு முன்னால் போயிருந்தார் என்பதற்கு இந்த எண்களே போதும். ஜென்னி ஃப்ளெட்சரைப் பற்றியும் ஒரு வரி: வாரத்தில் ஆறு நாள், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் நீந்திப் பழகியவர் அவர். அந்தத் தலைமுறைப் பெண்களில் யாருக்கும் "முழுநேர வீராங்கனை" என்ற சொகுசு கிடையாது.

ஒரு வேடிக்கையான ஒற்றுமை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டரில் ஹங்கேரியின் ஆல்பிரட் ஹாயோஷ் தங்கம் வாங்கிய நேரமும் அதே 1:22.2. அவர் நீந்தியது குளிர்ந்த திறந்த கடலில் என்பதால் இரண்டையும் தராசில் வைக்க முடியாது. ஆனாலும், ஆண்களின் முதல் தங்கமும் பெண்களின் முதல் தங்கமும் பத்தில் ஒரு நொடிகூட மாறாமல் ஒரே எண்ணில் விழுந்திருப்பது எனக்குப் பிடித்த புள்ளிவிவரங்களில் ஒன்று.

அப்புறம் ரிலே. 4 பேர் 100 மீட்டர் வீதம் நீந்த வேண்டும். ஆஸ்திரலேசியாவிடம் பெண்கள் இருந்ததே இருவர்தான். நாங்களே ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று டுராக்கும் வைலியும் கேட்டுப் பார்த்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. நான்கே அணிகள் இறங்கின, பிரிட்டன் 5:52.8-ல் தங்கம் வென்றது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இருவரும் தங்கள் இறுதிப் போட்டி நேரத்தில் முதல் 100-ஐ முடித்திருந்தால், இரண்டாவது முறை ஆளுக்குச் சராசரியாக 1:32.6 எடுத்தால்கூட பிரிட்டனைத் தொட்டிருப்பார்கள். நடுவில் ஓய்வு கிடைத்திருந்தால் நடக்கக்கூடிய காரியம்தான். இருவராக நின்று நால்வரை ஜெயித்திருந்தால் ஒலிம்பிக் வரலாற்றில் அது தனிக் கதையாகியிருக்கும். விதி விடவில்லை, விதியைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். போட்டிக்கு ஆள் இருந்ததா? இரண்டு பெரிய இடங்கள் காலியாக இருந்தன, உண்மை. ஒன்று டெய்சி கர்வன். குடல்வால் அழற்சி வந்து இறுதிப் போட்டிக்கு முன்பே விலக வேண்டியதாயிற்று. ஆனால் அவருடைய சிறந்த நேரம் 1:20.6, டுராக் ஸ்டாக்ஹோம் தகுதிச் சுற்றிலேயே அதைவிட வேகமாக நீந்திக் காட்டியிருந்தார். கர்வன் இருந்திருந்தால் போட்டி நெருக்கமாகியிருக்கும், முடிவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று அமெரிக்கா. ஒரு பெண்ணைக்கூட நீந்த அனுப்பவில்லை. அங்கே அமெச்சூர் விளையாட்டு ஒன்றியத்தைக் கையில் வைத்திருந்த ஜேம்ஸ் சல்லிவன், பெண்கள் பொதுவில் போட்டியிடுவதற்கே எதிரி. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தனுக்கும் பெண்கள் போட்டியிடுவது பிடிக்காது என்பதால் சல்லிவன் தனி ஆளல்ல. அவர் 1914-ல் இறந்த பிறகுதான் அமெரிக்கப் பெண்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் 1912-ல் டுராக்குக்கு நிகராக நீந்தக்கூடிய அமெரிக்கப் பெண் ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. பயிற்சி, குளம், சங்கம் எல்லாம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தன. வராதவர்களைக் காரணம் காட்டி வந்து ஜெயித்தவரின் பதக்கத்தைச் சுரண்டுவது சரியில்லை.

அவரை எடை போட எனக்குப் பிடித்த படிக்கல் ஒலிம்பிக் அல்ல, 1915. சிட்னியில் அந்த ஆண்டு பிப்ரவரியில் 100 மீட்டரை 1:16.2-ல் முடித்தார். பெண்கள் 100 மீட்டர் சாதனை 1908-ல் 1:35.0 ஆக இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், ஏழே ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரியும். டுராக்கின் அந்த 1:16.2-ஐ ஐந்தரை ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 1912 முதல் 1918 வரை அவர் உடைத்த உலக சாதனைகள் பன்னிரண்டு. 100 கெஜம் முதல் ஒரு மைல் வரை, குறுந்தூரம் நெடுந்தூரம் இரண்டிலும் அவர் பெயர் இருந்தது. இன்று 100 மீட்டரில் கலக்குபவர் 1500 மீட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

போர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று யோசியுங்கள். 1916 ஒலிம்பிக் பெர்லினில் நடப்பதாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 26, கையில் உலக சாதனை. அவரோடு ஸ்டாக்ஹோமுக்குப் போய் ரிலேயில் தங்கம் வாங்கிய செசில் ஹீலி 1918 ஆகஸ்டில் பிரான்சில் போர்முனையில் இறந்தார், அதனால் டுராக்கின் இழப்பைப் பற்றி ரொம்பவும் புலம்ப முடியாது. ஆனாலும் விளையாட்டுக் கணக்காகச் சொன்னால், அவருடைய உச்ச காலம் முழுவதும் ஒலிம்பிக் இல்லாத எட்டு ஆண்டு இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

அடுத்து வருவது அவ்வளவு அழகான அத்தியாயம் இல்லை. 1918-ல் டுராக்கும் வைலியும் அமெரிக்கப் பயணம் ஒன்று ஏற்பாடு செய்தார்கள், ஆஸ்திரேலிய நீச்சல் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல். கூட வரும் மேலாளரின் பயணச் செலவை யார் தருவது என்பதில் தகராறு, தடை. 1919-ல் அமெரிக்கா போனபோதும் அதே மேலாளர், அதே செலவுப் பிரச்சினை. செலவைத் தந்தால்தான் தண்ணீரில் இறங்குவோம் என்று இவர்கள் நிற்க, உங்கள் அமெச்சூர் தகுதியையே பறித்துவிடுவோம் என்று அமெரிக்க ஒன்றியம் மிரட்டியது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

டுராக் பிடிவாதக்காரர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வேறொருவராக இருந்தால் பேசி முடித்திருப்பார். ஆனால் இந்தச் சண்டையின் வேரைப் பாருங்கள். பெண் துணையில்லாமல் பயணம் செய்யக் கூடாது என்கிறது சமூகம். நீந்திக் காசு வாங்கக் கூடாது என்கிறது அமெச்சூர் விதி. துணைக்கு வருபவரின் செலவு எங்கள் பொறுப்பில்லை என்கிறது சங்கம். மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டுமென்றால் பெரிய பணக்கார வீட்டில் பிறந்திருக்க வேண்டும். மதுவிடுதிக்காரர் மகளுக்கு அது எப்படிச் சாத்தியம்? அதே சிட்னியில் பிறந்த அனெட் கெல்லர்மன் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே இல்லை. 1905-லேயே வெளிநாடு போய், காசுக்கு நீந்தி, மேடையிலும் சினிமாவிலும் பெரும்புகழ் பெற்றார். விலை, ஒலிம்பிக் அவருக்குக் கிடையாது. டுராக் ஒலிம்பிக் பக்கம் நின்றார், அதற்கான விலையை வேறு விதமாகக் கொடுத்தார்.

1919 பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. நியூயார்க்கில் 1917-ல் சார்லட் எப்ஸ்டைன் பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கே பயிற்சியாளர் லூயி ஹேண்ட்லி. அவர் ஆஸ்திரேலிய கிராலை எடுத்து, காலடியை மாற்றினார். பழைய ஆஸ்திரேலிய முறையில் ஒரு கைவீச்சுக்கு ஒரு காலடி. ஹேண்ட்லியின் முறையில் இரண்டு கையும் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆறு காலடி அல்லது அதற்கும் மேல். படகில் துடுப்போடு மோட்டாரும் சேர்ந்த மாதிரி. இந்தப் பட்டறையிலிருந்து வந்தவர் எத்தெல்டா பிளைப்ட்ரி. இளம்பிள்ளை வாதம் வந்து, அதிலிருந்து தேறுவதற்காக நீந்தத் தொடங்கிய பெண். அதே 1919-ல், நியூயார்க் கடற்கரையில் காலுறையைக் கழற்றிவிட்டு நீந்தினார் என்று இவர் மேல் போலீஸ் நடவடிக்கைகூட எடுத்தது. அந்தப் பிளைப்ட்ரி டுராக்கைத் தோற்கடித்தார். கிராலுக்கு மாறி மற்றவர்களை முந்தியவரை, கிராலின் அடுத்த பதிப்பு முந்தியது.

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு டுராக் அணியில் இருந்தார். கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் குடல்வால் அறுவை சிகிச்சை. டெய்சி கர்வனை 1912-ல் வெளியேற்றிய அதே வியாதி. அதோடு விடவில்லை, தொடர்ந்து டைபாய்டு, நிமோனியா. உயிர் பிழைத்ததே பெரிது.

போயிருந்தால் ஜெயித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். பிளைப்ட்ரி தகுதிச் சுற்றில் 1:14.4-ல் டுராக்கின் சாதனையை உடைத்து, இறுதியில் 1:13.6-ல் தங்கம் வாங்கினார். பெண்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் இருந்த மூன்று நீச்சல் தங்கமும் அவர் கணக்கில்தான். முப்பது வயது டுராக் அவரைப் பிடித்திருக்க மாட்டார். ஆனால் வெள்ளி வாங்கியவரின் நேரம் 1:17.0, வெண்கலம் 1:17.2. டுராக்கின் 1915 நேரம் 1:16.2. குளம் வேறு, தண்ணீர் வேறு, நேரடியாக ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் பழைய உடம்போடு அவர் அங்கே இருந்திருந்தால் இரண்டாவது பதக்கத்துக்கு நல்ல வாய்ப்பு இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

1921 ஜனவரியில் போட்டி நீச்சலுக்கு முழுக்குப் போட்டார். அதே மாதம் 22-ம் தேதி சிட்னி செயின்ட் மேரி பேராலயத்தில் குதிரைப் பயிற்சியாளர் பெர்னார்ட் கேட்லியுடன் திருமணம். பிறகு சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதில் இறங்கினார். ஒரு காலத்தில் ஆண்கள் முன்னால் நீந்தக் கூடாது என்று தடுத்த அதே மாநிலப் பெண்கள் சங்கம் 1945-ல் அவரை ஆயுள் உறுப்பினராக்கியது. 1956 மார்ச் 20-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டுக் கடைசியில் மெல்போர்ன் ஒலிம்பிக், பெண்கள் 100 மீட்டரில் டான் ஃபிரேசர் தங்கம், லோரைன் கிராப் வெள்ளி. 1912-க்குப் பிறகு அந்தப் போட்டியில் முதல் இரண்டு இடமும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது அப்போதுதான். 1967-ல் சர்வதேச நீச்சல் புகழ் மண்டபத்தில் டுராக்கின் பெயரைச் சேர்த்தார்கள். சிட்னி பீட்டர்ஷாமில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மினா வைலி? அவர் நின்றுவிளையாடியவர். 1906 முதல் 1934 வரை மாநில, தேசியப் பட்டங்கள் மொத்தம் 115. உச்ச வேகத்தில் டுராக் முன்னால், நீண்ட காலம் தாக்குப்பிடித்ததில் வைலியை யாரும் நெருங்க முடியாது. 1928-ல் சிட்னியின் பிம்பிள் பெண்கள் கல்லூரியில் நீச்சல் ஆசிரியையாகச் சேர்ந்து 1970 வரை அங்கேயே சொல்லிக்கொடுத்தார். 1975-ல் அவரும் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார், டுராக்கைப் போல இறந்த பிறகல்ல, உயிரோடு இருக்கும்போதே. 1984-ல் 93 வயதில் காலமானார். கூஜியில் அப்பா கட்டிய குளத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது.